பத்து எண்களில் பெரியது

இந்த வேலையும் கிடைக்காவிட்டால் மாலை கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவதாக வாப்பா சொல்லியிருந்தார். செம்பூர் கம்பெனியில் நஜ்முன்னிசா தேர்வுத்தாளைப் பிரித்தாள்.

கேள்வி ஒன்றுதான். பத்து எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வேண்டும்.

"புரோகிராமரைக் கூப்பிட்டு ஒண்ணாங்கிளாஸ் கேள்வி கேக்கிறது அவமானம்" என்று பக்கத்தில் டை கட்டியவர் கிசுகிசுத்தார். "நான் எழுதலை. நீயும் எழுதாதே, எழுந்து வா."

அவள் தயங்கினாள். பிறகு குனிந்து எழுதினாள். அவர் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

மேனேஜர் அவள் விடையைப் படித்தார். "சரியா இருக்கும்மா. திங்கக்கிழமை சேர்ந்துக்கோ. எங்கே படிக்கிறே?"

"மாட்டுங்காவில, சாயங்கால கிளாஸ் சார்."

"வாத்தியார் கெட்டிக்காரர் போல. அவருக்கும் இங்கே வேலை இருக்கு, வரச் சொல்லேன்."

நஜ்முன்னிசா வாசலைப் பார்த்தாள். "வந்தாரு சார். வெத்துத்தாளைக் குடுத்துட்டு இப்பத்தான் வெளியே போனாரு."