கை கொடுக்காத நாட்கள்

"அபூனா, அந்த ஃபானூஸ் மறுபடியும் வந்திருக்கான்!" என்று பாதிரியாரிடம் வந்து நின்றார் வஹ்பா.

பெரிய வியாழன் காலை. கோயிலுக்குள் யாரும் யாரையும் முத்தமிட்டு வாழ்த்தாமல் பார்த்துக்கொள்வது வஹ்பாவின் பொறுப்பு. யூதாஸ் முத்தத்தால் காட்டிக்கொடுத்த வாரம் அல்லவா? நைல் கரையில் உள்ள அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் புதன்கிழமையிலிருந்து ஒருவர் கையை ஒருவர் தொடக்கூட மாட்டார்கள்.

"வந்தா வரட்டுமே," என்றார் பாதிரியார், பாதம் கழுவும் தொட்டியில் தண்ணீரை ஊற்றியபடி.

"வருஷம் பூரா எட்டிப் பார்க்காதவன் யூதாஸ் நாள்ல மட்டும் டாண்ணு வந்துடறான். சொந்தக்காரன் வீட்டு விசேஷம் போல!"

வஹ்பாவின் கோபம் ஊரறிந்தது. சில வருஷங்களுக்கு முன், அரசாங்க அனுமதி கிடைக்காமல், இடிந்த கோயில் சுவரை இவர்கள் சிலர் ரகசியமாகக் கட்டிய சமயம் அது. போலீஸ் முதலில் பிடித்தது ஃபானூஸைத்தான். ரெண்டு அடி விழுந்ததுமே வஹ்பாவின் அண்ணன் ஷுக்ரி பெயரைக் கக்கிவிட்டான் என்று ஊரே காறித் துப்பியது. சிறைக்குப் போன ஷுக்ரி காய்ச்சல் கண்டு அங்கேயே கண்ணை மூடினார். கூடவே செங்கல் எடுத்துக் கொடுத்த வஹ்பாவை மட்டும் யாரும் தேடி வரவில்லை. அது ஆண்டவரின் கிருபை என்று இன்றுவரை சாட்சி சொல்லி வருகிறார்.

"பேதுருவும் மறுதலிச்சவர்தானேப்பா? 'நீ என்னை மறுதலிப்பே'ன்னு ஆண்டவர் அவர்கிட்ட முன்கூட்டியே சொன்னாரு, அப்படியே நடந்துச்சு. அவரைத் தள்ளியா விட்டாரு?" என்றார் பாதிரியார்.

"பேதுரு எங்கே, இவன் எங்கே அபூனா! நானா இருந்தா தோலை உரிச்சிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்."

"பேதுருவும் இப்படித்தான் பேசினாரு," என்று பாதிரியார் சிரித்தார்.

வஹ்பாவுக்குச் சுருக்கென்றது. நேராகக் கடைசித் தூணருகே போனார். ஃபானூஸ் தலை குனிந்து நின்றிருந்தான்.

"மத்த நாளெல்லாம் உனக்குக் கோயில் கண்ணுல படாதோ?"

"படுதுண்ணே. ஆனா பூசையில 'ஒருத்தரை ஒருத்தர் வாழ்த்துங்க'ன்னு அபூனா சொன்னதும் ரெண்டு பக்கமும் கையை இழுத்துக்கறாங்க. இந்த நாள்ல யாரும் யாருக்கும் கை கொடுக்கறதில்ல. நானும் எல்லாரையும் போல நிக்கலாம்."

வஹ்பா ஒரு கணம் தடுமாறினார். அண்ணன் முகம் நினைவுக்கு வந்ததும் மனசு மறுபடி இறுகியது.

"இந்த வருஷத்தோட சரி. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

"இதையும் விட்டா எனக்கு வேற எதுவும் இல்லண்ணே..."

"பேரைச் சொல்றப்ப தோணியிருக்கணும். எங்கண்ணன் சாகறப்ப உன்னை எப்படிச் சபிச்சானோ!"

ஃபானூஸ் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"சபிச்சிருக்க மாட்டாருண்ணே. போலீஸ் ஜீப் தெருவுல நுழையறப்பவே உங்கண்ணன் என்கிட்ட ஓடி வந்து சொன்னாரு. 'ஃபானூஸ், நீ அடி தாங்க மாட்டே, எனக்குத் தெரியும். பேரு கேட்டா என் பேரைச் சொல்லிடு. எனக்கு உன் மேல வருத்தமே இருக்காது. என் தம்பி பேரை மட்டும் சொல்லிடாதே'ன்னாரு."

வஹ்பா தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஃபானூஸ் மெல்லிய குரலில் சொன்னான்: "அவர் சொன்னபடியே என்னால அடி தாங்க முடியல, அவர் பேரைச் சொல்லிட்டேன். அப்புறமும் இன்னொருத்தன் யாருன்னு கேட்டு விடாம அடிச்சாங்க... உங்க பேரைச் சொல்லலண்ணே."