காதுக்கு யார் பொறுப்பு?

மணி ஏழாக இரண்டு நிமிஷம் இருக்கும்போது சலூன்காரர் டிவியை அணைத்தார். ரிமோட்டை டிராயரில் போட்டு மூடினார்.

பெஞ்சில் காத்திருந்த மூன்று பேரில் ஒருவர் எழுந்து எதிர்ச் சலூனுக்குப் போனார். இன்னொருவர் போன் வந்ததுபோலப் பாவனை செய்துகொண்டே அதே வழியில் போனார்.

ஏழு மணிக்குத்தான் அந்தத் தொடர். திக்கித் திக்கிப் பேசும் மாப்பிள்ளை ஒருவன் மாமனார் வீட்டில் படுகிற பாடு. ஊரே விழுந்து விழுந்து சிரிக்கிறது. "நா... நா... நானா மாட்டேன்னேன்?" என்று அவன் சொல்வதைப் பேசப் பழகும் குழந்தைகூடச் சொல்லிக் காட்டும்.

"உனக்கு மட்டும் சிரிப்பே வராதா?" என்றார் மளிகைக்காரர். பத்து வருஷ வாடிக்கை. கேட்கிற உரிமை உண்டு.

"கத்தி வெச்சிருக்கும்போது ஆள் குலுங்கிச் சிரிச்சா, காதுக்கு யார் பொறுப்பு?"

"போன வருஷம் கத்தரியக் கீழ போட்டுட்டு நீயே சிரிச்சியே. அப்ப எங்க காதெல்லாம் இரும்புலயா இருந்துச்சு?"

சலூன்காரர் தன் நாற்காலியில் இருந்தவரின் தலையைக் கவனிக்கப் போய்விட்டார். மளிகைக்காரர் விடவில்லை. வருகிறவன் கேட்பதைக் கொடுக்கத் தெரியாதவனுக்குக் கடை எதற்கு, தானும் மூட்டை சுமந்துதான் கடை போட்டவன், இப்படி முறுக்கிக்கொண்டு நின்றிருந்தால் இன்றைக்கும் மூட்டைதான் சுமந்துகொண்டிருப்பேன் என்று பொரிந்து தள்ளினார். இருக்கிற கூட்டத்துக்கு இரண்டாவது நாற்காலியும் அதற்கு ஓர் ஆளும் ஒரு கேடா என்றும் கேட்டார்.

அந்த இரண்டாவது நாற்காலியில்தான் அவரே முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தார்.

சவரம் செய்துகொண்டிருந்தவர் நரைத்த மீசைக்காரர். கடைக்குப் புதுசு. கையில் வேகம், வாயில் பூட்டு. எது கேட்டாலும் ஒரு தலையாட்டலோடு சரி.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். டிராயரைத் திறந்து ரிமோட்டை எடுத்தார். டிவியைப் போட்டார்.

"வேண்டாம்ணே," என்றார் சலூன்காரர்.

மீசைக்காரர் காதில் வாங்கவில்லை.

"இவர் தொழில் தெரிஞ்சவர்," என்றார் மளிகைக்காரர். "நீங்களாவது சொல்லுங்க. உங்க முதலாளிக்கு இது ஏன் பிடிக்கல?"

மீசைக்காரர் கண்ணாடி வழியாக முதலாளியை ஒரு தடவை பார்த்தார்.

"அ... அவருக்கு ரொ... ரொம்பப் பிடிக்கும்ங்க. எ... எனக்காகத்தான் நி... நிறுத்தினார்."

மளிகைக்காரர் நாற்காலியே ஆடும்படி சிரித்தார். நுரை துணியெல்லாம் தெறித்தது.

"அட, அச்சு அசல் அந்த மாப்பிள்ளையேதான். டிவிக்காரன்கூட இவ்வளவு சுத்தமாப் பண்ண மாட்டான். எங்க, இன்னொரு தடவை பண்ணுங்க."

பக்கத்து நாற்காலியில் கத்தரிச் சத்தம் நின்றது. டிவியில் ஒரு கூட்டம் சிரித்தது.

மீசைக்காரர் கத்தியைத் துடைத்தார். ஒரு விரலால் மளிகைக்காரரின் தலையைச் சாய்த்து, காதோரம் கத்தியைப் பதமாக வைத்தார்.

"ஆ... ஆடாதீங்க. நான் ப... பண்ணலை. பே... பேசினேன்."