வடிகட்டிப் போட்டி

“ஓனர் ரேடியோவும் கையுமா படியேறி வந்தாருங்க. நீங்க பேசறதெல்லாம் அவர் எஃப்.எம்.ல கேக்குதாம்!”

மனைவி சொல்லி முடிப்பதற்குள், பொழுதுபோக்காக வானலையில் நண்பர்களோடு பேசும் ஹாம் ரேடியோக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மொட்டை மாடியில் நிற்கும் ஆன்டெனாவே வீட்டு ஓனர் போட்ட பிச்சை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதை இறக்கிவிட்டு, மாலை அரட்டைக்கு மங்களம் பாடிவிட வேண்டியதுதான்.

“நீ என்ன சொன்னே?”

“இன்னைக்கே சரி பண்ணிடுவாருன்னேன். உடனே அவர் மூஞ்சி தொங்கிப் போச்சு. நம்பல போல.”

எல்லாம் அவர் கருவியிலிருந்து கூடவே கிளம்பும் உதிரி அலைகளின் சேட்டை. வேண்டிய அலையைப் போகவிட்டு, அதற்கு மேலே துள்ளுவதை வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டர் டப்பா ஒன்றை மாட்டியாக வேண்டும். கடையில் வாங்கியது ஒன்று இருந்தது, அவர் தன் கையால் செய்தது ஒன்று. விஷயம் கேட்டு, மனைவியின் தம்பியும் தான் செய்த டப்பாவோடு ஓடி வந்தான்.

“எது நல்லா அமுக்குதுன்னு அளந்து பாத்துடலாம் மாமா,” என்று அலைகளை அளக்கும் அனலைசரை மேசையில் வைத்தான். மாமனும் மச்சானும் ஒருவரை ஒருவர் நம்பாததால் மனைவியே நடுவர்.

கடை டப்பா உதிரி அலையை நாற்பத்தொரு டெசிபல் அமுக்கியது. மச்சானுடையது ஐம்பத்திரண்டு. அவருடைய செல்லப்பிள்ளை இருபத்தெட்டிலேயே படுத்துவிட்டது.

“கனெக்டர் லூஸா இருக்கு. மறுபடி அள.”

மறுபடி அளந்தபோது இருபத்தேழு.

“இன்னொரு தடவை அளக்கவா மாமா?”

“வாயை மூடு.”

நடுவர் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். மானமா ஆன்டெனாவா என்று பார்த்தால் ஆன்டெனாதான் பெரிது. அவர் மச்சான் டப்பாவை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

மறுமுனையில் இருந்த நண்பர், தன் மகளின் கல்யாணத்தை வைத்துச் சம்பந்தியோடு போடும் சண்டையை நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இவரும் “ஐயையோ! சம்பந்தி அப்படியா சொன்னாரு? அப்புறம்?” என்று வழக்கம்போல் உருகினார்.

மைக்கை வைத்ததும் அழைப்பு மணி அலறியது. வாசலில் ஓனர், கையில் ரேடியோ. பின்னால் அவர் குடும்பமே நின்றது.

“சார், இப்ப நான் பேசினது உங்க ரேடியோல வந்திருக்காதே?” என்று ரேடியோக்காரர் முந்திக்கொண்டார்.

“வரவே இல்ல. என்ன பண்ணீங்க?”

மச்சான் பெருமை பொங்க டப்பாவைக் காட்டினான்.

“மொதல்ல அதைக் கழட்டுங்க!” ஓனர் கும்பிடாத குறை. “சம்பந்தி எறங்கி வந்தாரா இல்லையான்னு தெரியாம எங்க வீட்ல இன்னும் அடுப்பே பத்த வைக்கல.”

ரேடியோக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையோடு டப்பாவைக் கழற்றினார்.

ஓனர் நகரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்:

“உங்க ஃபிரெண்டு பேசறதும் கேக்கற மாதிரி டப்பா ஏதாச்சும் இருக்கா சார்?”