மாறாத மஞ்சள்

ஆய்வக ஜன்னலோரம் மதிய வெயிலில் மஞ்சள் தடவிய தாள் துண்டுகள் காய்ந்து கிடக்கின்றன. அறிவியல் ஆசிரியர்களுக்கான மாத இதழுக்குப் பூங்கொடி டீச்சர் கட்டுரையை எழுதி முடித்துவிட்டார், படங்கள்தான் பாக்கி. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், குடிநீரில் மாறாது என்பது கட்டுரை. சோப்புத் தண்ணீரில் சிவந்த தாள் ஏற்கெனவே செல்போனுக்குள் இருக்கிறது. அடுத்த படத்துக்காக முன்வரிசை ஆஷாவின் குடிதண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரு சொட்டு விடுகிறார். தாள் சிவக்கிறது. "பாட்டலைச் சோப்புப் போட்டுக் கழுவுனியா கண்ணு?" "இல்ல டீச்சர். எங்க லைன் வீட்டு போர் தண்ணி. அங்க எல்லாரும் இதத்தான் குடிக்கோம்." சுவருக்கு அப்பால் சாயப்பட்டறையின் பாய்லர் சீறி அடங்குகிறது. டீச்சர் வேறு தாளை எடுத்து, வேறு சொட்டு விடுகிறார். அதுவும் சிவக்கிறது. கட்டுரை இன்று மாலைக்குள் போயாக வேண்டும். "தேஜஸ்ரீ, உங்கூட்ல கேன் தண்ணிதான? அதக் கொண்டா கண்ணு." இந்தத் தாள் மஞ்சளாகவே இருக்கிறது. இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டு, குனிந்து, டீச்சர் படம் எடுக்கிறார். திரையில் மஞ்சள் பளிச்சென்று விழுந்திருக்கிறது. அதன் பின்னால், அண்ணாந்து, ஆஷா தன் பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். டீச்சரின் கட்டைவிரல் படத்தின் ஓரத்தில் சற்றே தயங்கி நிற்கிறது. பிறகு மெல்ல நகர்ந்து, ஆஷாவை வெட்டிவிட்டுத் தாளை மட்டும் வைத்துக்கொள்கிறது.