கேட்டை மறித்த பனி

மலாக்கியின் கண்ணெதிரிலேயேதான் அது நடந்தது.

விடிந்ததும் டிராக்டர் சத்தம். கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். லோர்கன் ரோட்டிலிருந்த பனியை வாரித் தள்ளிக்கொண்டு வந்தான். வந்தவன் அத்தனையையும் நேராக மலாக்கியின் கேட்டுக்கு முன்னால் கொட்டினான். போதாதென்று திரும்பிப் போய் இன்னொரு தடவை வாரி வந்து கொட்டினான். கேட் பாதிக்கு மேல் மறைந்துபோனது.

மலாக்கி கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

"டேய்! கண்ணு அவிஞ்சு போச்சா? மனுசன் எப்படிடா வெளிய போறது?"

லோர்கன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிராக்டரை டவுன் பக்கம் விட்டுக்கொண்டு போய்விட்டான்.

வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பிதான். அப்பா விட்டுப்போன ஆற்றோர வயல் யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை. வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை கிடையாது. அம்மா செத்தபோது சவப்பெட்டியை ஆளுக்கொரு முனையில்தான் தூக்கினார்கள். சர்ச்சில் இவர் இடப்பக்கம் உட்கார்ந்தால் அவன் வலப்பக்கம்.

சண்டை கிடக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மலாக்கி டவுனுக்குப் போயாக வேண்டும். அவர் மனைவி டிம்ப்னா அங்கே முதியோர் இல்லத்தில் இருந்தாள். ஞாபகம் எல்லாம் போய்விட்டது. யார் ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். மலாக்கி போய், வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கை எடுத்து, ஸ்பூனுக்கு ஒன்றாகப் பழைய தொழுவத்து மாடுகளின் பெயரைச் சொன்னால்தான் வாய் திறக்கும். போன குளிர்காலத்தில் இவர் காய்ச்சலில் படுத்துவிட, அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த்தான் பிழைத்தாள்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அள்ளினார், அள்ளினார், அள்ளிக்கொண்டே இருந்தார். இவர் ஒரு மண்வெட்டி எடுத்தால் வானம் இரண்டு போட்டது. எழுபத்தெட்டு வயசு முதுகு எவ்வளவுதான் தாங்கும்?

எதிர் வீட்டு அசம்ப்டா வேலியோரம் வந்து நின்றாள். ஊரில் ஒரு பூனை குட்டி போட்டாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

"சிவப்பு எச்சரிக்கை குடுத்திருக்காங்க, எங்க கிளம்பிட்டீங்க? பஸ் இல்ல, ரயில் இல்ல. பால் லாரிகூட மேல ஏறி வரல. கறந்த பாலையெல்லாம் கொட்டிட்டு எங்க வீட்டுக்காரர் இடிஞ்சு போய் உக்காந்திருக்கார்."

"டிம்ப்னாவுக்குச் சாப்பாடு ஊட்டணும்."

"நேத்து பாலத்துக்கிட்ட உங்க கார் சறுக்கி ஆத்துப் பக்கம் போச்சாமே? தபால்காரர் பார்த்தேன்னாரே?"

"அந்தாளுக்குக் கண்ணாடி மாத்தணும். எந்தக் காரும் சறுக்கல."

"நீங்களே ஆத்துல போயிட்டா அவங்களுக்கு யாரு ஊட்டுவாங்க?"

"பேச்சை மாத்தாதே அசம்ப்டா! உன் கண்ணு முன்னாடிதானே அந்தப் பாவி கேட்டை அடைச்சான்? ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அசம்ப்டா பனியைப் பார்த்தாள். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தாள்.

"உங்க தம்பிகிட்ட நான் என்னத்தைக் கேக்க?"

"தம்பியா? எனக்குத் தம்பியே கிடையாது! ஊரே முடங்கிக் கிடக்குது, துரை மட்டும் டிராக்டர் எடுத்துக்கிட்டு டவுனுக்குக் குடிக்கப் போறார். மனுசனா அவன்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, "டீ போட்டிருக்கேன், கொண்டு வரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு மண்ணும் வேண்டாம்."

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பனிமேடு அப்படியே நின்றது. மலாக்கிக்கு விரல்கள் மரத்துப்போயின, முதுகு நிமிரவில்லை. உள்ளே வந்து ஈர பூட்ஸோடு நாற்காலியில் விழுந்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு டிம்ப்னா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டார். பழக்கமில்லாத ஒரு பெண் குரல் எடுத்தது.

"பகல் ஆளுங்க யாராலயும் வர முடியல சார். நான் ராத்திரி ஷிஃப்ட், இன்னும் வீட்டுக்குப் போகல. சொல்லுங்க."

களைப்பில் அவள் குரல் தள்ளாடியது.

"டிம்ப்னா... ஒரு வாயாவது சாப்பிட்டாளாம்மா?"

"ஒரு வாயா? தட்டே காலி சார்! அதான் அவங்க வீட்டுக்காரர் வந்து ஊட்டிவிட்டாரே. இந்தப் பனியில டிராக்டர்ல வந்திருக்கார். பாவம், புருவமெல்லாம் ஐஸ்."

மலாக்கிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வீட்டுக்காரரா? யாரு?"

"மலாக்கி சார்தான். அவங்க 'மலாக்கி, மலாக்கி'ன்னு கூப்பிடறாங்க, இவரும் 'ம்... சொல்லு'ங்கறார். ஸ்பூனுக்கு ஒரு மாட்டுப் பேர் வேற!" அந்தக் களைப்பிலும் அவள் சிரித்துவிட்டாள். "கறுப்பி, வெள்ளைமூக்கி, ஒத்தக்கொம்பி..."

ஒத்தக்கொம்பி, மலாக்கியே மறந்துபோன பெயர். சின்ன வயசில் லோர்கன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கன்று அது.

"சார், லைன்ல இருக்கீங்களா? நீங்க யாரு பேசறது?"

மலாக்கி ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தார்.

"நான் அவனோட அண்ணன்மா. திரும்பி வரும்போது மெதுவா ஓட்டச் சொல்லு. பாலத்துக்கிட்ட சறுக்குது."