கட்டிப்போன தொண்டை

கல்லூரிக் கபடி இறுதிப்போட்டியின் இணைய ஒளிபரப்பு உரிமையை வாங்கிய நிறுவனத்தில், அற்புதத்துக்கு வெளிவாசல் வேலை. சந்தா கட்டாமல் பார்த்தவர்கள் வெளியேறும்போது, ஆட்டத்தை அவர்கள் நினைவிலிருந்து அழித்து அனுப்ப வேண்டும். ஊழியர்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் மகள் ஜெமிமா ஆடியதை அவள் பார்க்கவில்லை. மகளின் முழங்கால் போய்விட்டது, இதுதான் கடைசி ஆட்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கணவர் தேவசகாயம் இலவசப் பாஸில் வந்திருந்தார். வெளியேறும் வரிசையில் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"அற்புதம், கடைசி ரெய்டுல நம்ம பிள்ள..." என்று ஆரம்பித்தார்.

மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நின்றார். அவள் கணவரின் நெற்றியில் நினைவழிக்கும் கருவியை வைத்து எடுத்தாள்.

"இன்னும் ஆட்டம் ஆரம்பிக்கலையா?" என்றார் அவர்.

ஜெமிமா கோப்பையோடு நொண்டிக்கொண்டே வந்தாள். "அப்பா, பாத்தீங்களா?"

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு மனைவியிடம், "என் தொண்டை ஏன் இப்படிக் கட்டியிருக்கு?" என்று கேட்டார். குரலே எழும்பவில்லை.

"பாத்தாங்க மக்களே," என்று மகளிடம் சொன்னாள் அற்புதம். "உனக்காகச் சத்தம் போட்டுத்தான் கட்டியிருக்கு."

ஜெமிமா அம்மாவின் கையிலிருந்த கருவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.