எந்த அல்பத்தில தொடங்கிறது?

"டேய் றொட்னி! உந்தப் பேய்ப்பாட்டை நிப்பாட்டிப்போட்டு என்ர மனிசனை வெளிய அனுப்படா!"

பக்கத்து வீட்டு றோசம்மா மாமி படலையைப் பிடித்து உலுக்கினாள். பள்ளிமுனை ஊரில் பாதிச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

வாசலில் தண்ணீர்ப் பீப்பாயின் மேல் குந்தியிருந்த றொட்னி எழும்பவில்லை. அவனுக்குப் பின்னால், சாத்தின அறைக்குள் பாட்டுப்பெட்டியில் கிற்றார் இரைந்துகொண்டிருந்தது. உள்ளே மாமியின் புருசன் அந்தோனிமுத்து.

"அது பேய்ப்பாட்டில்லை மாமி. ஹெவி மெட்டல்."

"தகரத்தில பேய் பிறாண்டிற மாதிரிக் கிடக்கு. மெட்டலாம்! ஓ.எல். சோதினையில பெயிலாகி வீட்டில கிடக்கிற நீ, என்ர மனிசனுக்கு வகுப்பெடுக்கிறியோ?"

"நான் கூப்பிடேல்ல. அவராத்தான் வாறவர்."

"மூண்டு கிழமையா அந்த மனிசன் செபமாலைக்கு இருக்கேல்ல. மெல்வின் வரவேணும் எண்டு நான் தனிய முழங்காலில நிக்கிறன். பெத்த தகப்பன் இங்க கூத்தடிக்கிறார்!"

மெல்வின் அவர்களுடைய ஒரே பிள்ளை. கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். முகாமிலிருந்து ஊர் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கல்வீடும் கிடைத்துவிட்டது. அவனைப் பற்றித்தான் ஒரு சேதியும் இல்லை. புது வீட்டில் அவனுக்கென்று மாமி ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறாள்.

அந்தோனிமுத்து மாமாவை வெளியே அனுப்பினால் பிறகு றொட்னியோடு பாட்டுக் கேட்க ஆரும் இல்லை. அதை மாமியிடம் சொல்லி என்ன?

இந்தப் பாட்டுகளைப் பென்டிரைவில் கொடுத்த கூட்டாளி, கள்ள வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். மிச்ச ஊருக்கு இது இரைச்சல். வீட்டில் அம்மா காதுக்குள் பஞ்சு வைப்பாள். அப்படிக் கிடந்தவனிடம்தான் ஒரு பின்நேரம் மாமா வந்து கேட்டார்.

"தம்பி, உந்தக் கிற்றார்காரன் எத்தினை அல்பம் போட்டவன்? எதில தொடங்கிறது?"

றொட்னிக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. ஆராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று எவ்வளவு காலம் பார்த்திருந்தான்!

"ஒம்பது மாமா. முதலாவதில தொடங்கவே கூடாது. அது சின்னப்பெடியன் வேலை. மூண்டாவதில தொடங்கவேணும். அதிலதான் ஆள் கை பழகினவன். பிறகு ரெண்டாவதுக்குத் திரும்பி வந்து, அங்கயிருந்து ஐஞ்சாவது. கடைசி ரெண்டும் காசுக்குச் செய்தது. தொடவே வேண்டாம்."

"எது ஆகச் சத்தம்?"

"ஏழாவது. ஆனா எடுத்த உடன அதைக் கேட்டா ஒண்டும் விளங்காது."

"பரவாயில்லை. அதைப் போடு."

றொட்னிக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் போட்டான். தனியக் கேட்டால்தான் மண்டைக்குள் ஏறும் என்று சொல்லி, கதவையும் சாத்திவிட்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்நேரமும் அப்படித்தான். வெளியே வரும்போது மாமாவின் கண் இரண்டும் சிவந்திருக்கும். பாட்டு ஆளைப் பிடித்துவிட்டது என்று றொட்னி பூரித்துப்போவான்.

"கேக்குதோடா? நிப்பாட்டு எண்டு சொன்னனான்!"

படலையடியில் மாமி இன்னும் விடுகிறதாக இல்லை. றொட்னி அலுத்துப்போய் எழும்பி உள்ளே போனான். அவன் கதவைத் திறக்கவும் கடைசிப் பாட்டு தானாகவே முடியவும் சரியாக இருந்தது.

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். உடுத்திருந்த சாறத்தின் முனை வாய்க்குள் அடைபட்டுக் கிடந்தது. முதுகு குலுங்கியது.

"மாமா?"

"அடுத்ததைப் போடு தம்பி. கெதியாப் போடு. அவளுக்குக் கேக்கப் போகுது."

"என்ன கேக்கும்?"

"வீட்டில அழக்கூடாதாம். அழுதா, பிள்ளை செத்திட்டான் எண்டு நாங்களே சொன்ன மாதிரியாம்." சாறத்தால் முகத்தைத் துடைத்தார். "கடலுக்குப் போனா வள்ளத்தில எப்பவும் ஆக்கள். கோயில்ல ஊரே நிக்கும். எனக்கு வேற இடமில்லையடா."

றொட்னிக்கு முதலில் வந்தது இரக்கமில்லை.

"அப்ப நீங்கள் பாட்டு ஒண்டும் கேக்கேல்லையோ?"

"ஒண்டும் விளங்கேல்ல தம்பி. கோவியாத."

மூன்று வாரமாக, தன்னைப் போல ஒரு ஆள் இந்த ஊரில் இருக்கிறது என்று நினைத்திருந்தான். இல்லை. பழையபடி அவன் ஒருத்தன்தான்.

"இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு!" வெளியே மாமியின் குரல். படலை திறபட்டது. "இனிப் போட்டியெண்டா உள்ள வந்து பெட்டியை அடிச்சு உடைப்பன்!"

மண்ணில் செருப்புச் சத்தம் கிட்ட வந்தது. மாமா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். ஆனாலும் விம்மல் விரலுக்குள்ளால் வந்தது.

கதவில் அடி விழுந்தது.

"அனுப்படா அந்த மனிசனை வெளிய!"

றொட்னி உள்ளே கொண்டியைப் போட்டான். முதலில் அகப்பட்ட அல்பத்தைப் போட்டுச் சத்தத்தை ஆகக் கூட்டிவிட்டு, மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான்.